மிட்டாயில் இருப்பது எந்த வாழைப்பழம்?

மஞ்சள் தாளில் சுற்றிய வாழைப்பழ மிட்டாயை வாயில் போட்டு முகம் சுளிக்காதவர்கள் குறைவு. "இது வாழைப்பழமா, நகப்பூச்சா?" என்று கேட்காதவர்களும் குறைவு. சில மாதங்களுக்கு முன் வானொலியில் என் காலை நிகழ்ச்சியில் இதைப் பேச்சாக்கினேன். எந்த மிட்டாய் உங்களை ஏமாற்றியது என்பதுதான் கேள்வி. ஊதா மிட்டாயில் திராட்சையே இல்லை என்றார் ஒருவர். டுரியான் மிட்டாயில் வெங்காய வாடை அடிக்கிறது என்றார் இன்னொருவர். கடைசியாக ஜாசின் பக்கம் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்ற ஒரு பாட்டி அழைத்தார். "அந்த மஞ்ச மிட்டாய்க்கு என்னம்மா குறை? எம்பூன் பழம் மாதிரிதானே இருக்கு!"

மற்றவர்கள் எல்லாரும் குறை சொன்னார்கள். பாட்டி ஒருவர்தான் பதில் சொன்னார். பேச்சுக்குச் சொன்ன பதிலாக இருந்தாலும், அதன் பின்னால் நூற்றைம்பது ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது.

வாழைப்பழ மணத்துக்கு முக்கியக் காரணம் ஐசோஅமைல் அசிடேட் என்ற ஒரு பொருள். மிட்டாய்க்காரர்கள் சேர்க்கும் வாழைப்பழ எசன்ஸில் பெரும்பங்கு இதுதான். வேடிக்கை என்னவென்றால், இது மிட்டாய்க்குள் வந்தபோது வாழைப்பழத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கவில்லை. 1851ஆம் ஆண்டு லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் இந்தக் குடும்பத்துப் பொருளைப் 'பேரிக்காய் எண்ணெய்' என்று காட்சிக்கு வைத்தார்கள். சாராயம் வடிக்கும்போது மிஞ்சும் நாற்றமடிக்கும் கழிவுதான் அதற்கு மூலப்பொருள். அந்தக் கழிவை அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் பழ வாசனை கமகமவென்று வருகிறது! இங்கிலாந்தில் அதைப் பேரிக்காய் மிட்டாயில் போட்டார்கள். இன்றும் அங்கே அந்த மணம் பலருக்குப் பேரிக்காய் மிட்டாயைத்தான் நினைவூட்டும். நமக்கு அது வாழைப்பழம். ஒரே பொருள்தான், ஊருக்கு ஊர் பெயர் வேறு. நகப்பூச்சு என்று சொன்னவர்களும் பொய் சொல்லவில்லை. வார்னிஷ் போன்ற பூச்சுகளைக் கரைக்கவும் இதே பொருளைப் பயன்படுத்துகிறார்கள். தேனீ கொட்டும்போது மற்றத் தேனீக்களை உசுப்பிவிட வெளியிடும் எச்சரிக்கை மணத்திலும் இது இருக்கிறது. தேன் கூட்டருகே வாழைப்பழம் சாப்பிடாதே என்று தேனீ வளர்ப்பவர்கள் சொல்வது இதனால்தான்.

சரி, பாட்டி சொன்ன எம்பூன் பழத்துக்கு வருவோம். மலாய் மொழியில் எம்பூன் என்றால் பனித்துளி. நாம் பிசாங் எம்பூன் என்று வாங்கும் அந்த நீளமான பழத்துக்கு உலகம் வைத்த பெயர் குரோ மிஷேல். தென்கிழக்காசியாவில் பிறந்த இந்த வாழையின் கிழங்கை நிக்கோலா போதான் என்ற பிரெஞ்சுக்காரர் கரீபியத் தீவான மார்ட்டினிக்குக்குக் கொண்டு போனார். 1835இல் அது அங்கிருந்து ஜமைக்காவுக்குப் போனது. பிறகு மத்திய அமெரிக்கா முழுவதும் பரவி, ஏற்றுமதி வாழை என்றாலே இதுதான் என்றானது. தோல் தடிப்பு, சீப்பு அடர்த்தி, கப்பலில் ஏற்றினாலும் நசுங்காது. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்கப் பிள்ளைகள் சாப்பிட்ட வாழைப்பழம் நம் எம்பூன்தான்.

பிறகு வந்தது பனாமா வாடல் நோய். மண்ணில் வாழும் ஒரு பூசணம் வேர் வழியே ஏறி, தண்டுக்குள் நீர் போகும் பாதையை அடைத்துவிடும். மருந்து கிடையாது. பூசணம் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தோட்டம் தோட்டமாக அழிந்த பிறகு, 1960களில் ஏற்றுமதிக் கம்பெனிகள் நோய் தாங்கிய கேவண்டிஷ் இனத்துக்கு மாறின. இன்று சூப்பர்மார்க்கெட்டில் ஸ்டிக்கர் ஒட்டி விற்பது அதுதான். தமிழ்நாட்டில் ரோபஸ்டா என்று விற்பதும் அதே குடும்பம். கேவண்டிஷின் மணம் சற்று மென்மையானது. குரோ மிஷேலில் அந்த ஐசோஅமைல் அசிடேட் தூக்கலாக இருக்கும் என்று இரண்டையும் சாப்பிட்டவர்கள் சொல்வார்கள்.

இணையத்தில் இந்தக் கதையை இன்னும் ஒரு படி இழுத்து, எசன்ஸையே குரோ மிஷேலைப் பார்த்துத்தான் செய்தார்கள் என்று எழுதுகிறார்கள். அது சரியில்லை. எசன்ஸ் முந்தியது, அமெரிக்கக் கடைகளுக்கு வாழைப்பழம் கப்பல் கப்பலாக வந்தது அதற்குப் பிறகு. ஆனால் அந்தக் காலத்து ஆளுக்கு மிட்டாயும் பழமும் இவ்வளவு தூரமாகத் தெரிந்திருக்காது. மிட்டாய் அப்படியே இருக்க, பழம்தான் மாறிப்போனது.

நம் ஊரில் பழம் மாறவில்லை, கூடவே இன்னும் பல வகை இருக்கிறது. அலோர்காஜா, மெர்லிமாவ் சந்தைகளில் எம்பூன், பெராங்கான், மாஸ், ரஸ்தாளி எல்லாம் தொங்கும். ரஸ்தாளி என்ற நம் சொல்லையே மலாய்க்காரர்களும் பிசாங் ரஸ்தாலி என்று எடுத்துக்கொண்டார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. தோட்டத்தில் லயத்து வீட்டின் பின்னால் இரண்டு வாழை நிற்காத குடும்பமே இருந்ததில்லை. தாமான் வீட்டில் வாழை வைக்க இடமேது? செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, பிள்ளைகள் ஆயர் குரோவிலும் சிங்கப்பூரிலும் வேலைக்குப் போன பிறகு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு வாழைப்பழச் சுவை என்பது பால் டப்பாவிலிருந்தும் மிட்டாயிலிருந்தும்தான் முதலில் கிடைக்கிறது. அந்தப் பிள்ளை பிறகு ரஸ்தாளியைக் கடித்துவிட்டு, "இது வாழைப்பழம் மாதிரி இல்லை" என்று சொன்னால் யாரைக் குறை சொல்வது?

இதில் இன்னொரு கவலையும் இருக்கிறது. எம்பூனையும் ரஸ்தாளியையும் பழைய வாடல் நோய் எளிதில் பிடிக்கும். கேவண்டிஷ் அதைத் தாங்கும் என்ற நிம்மதியும் நிலைக்கவில்லை. அதே பூசணத்தின் டிஆர்4 என்ற புதிய வகை, 1990களில் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கேவண்டிஷ் தோட்டங்களையே தாக்கியது. 2019இல் கொலம்பியா வரை போய்விட்டது. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் இரண்டு மரத்தின் பக்கக் கன்றை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது, இலை மஞ்சளாகி மடிந்து தொங்கும் மரத்திலிருந்து எடுக்காதீர்கள். நோய் பெரும்பாலும் பயணம் போவது கன்றிலும் காலணியில் ஒட்டிய மண்ணிலும்தான்.

இவ்வளவு மணமுள்ள பழங்கள் இருக்கும்போது அவற்றையே மிட்டாயில் போட்டால் என்ன என்று என் அக்கா மகன் கேட்டான். நல்ல கேள்விதான். வீட்டில் பாகு காய்ச்சியவர்களுக்கு விடை பாதி தெரியும். கடினமான மிட்டாய்க்குச் சர்க்கரைப் பாகை ஏறக்குறைய 150 பாகை செல்சியஸ் வரை கொதிக்க வைத்து, தண்ணீரைக் கிட்டத்தட்ட முழுவதும் விரட்ட வேண்டும். அந்தச் சூட்டில் பழச்சாறு கருகும். மணம் ஆவியாகப் பறந்துவிடும். அதனால் பாகு சற்று ஆறி, கெட்டியாகிப் பிசையும் பக்குவத்துக்கு வந்த பிறகுதான் சாயமும் எசன்ஸும் புளிப்புக்குச் சிட்ரிக் அமிலமும் சேர்க்கிறார்கள். ஒரு பழத்தில் மணம் தரும் பொருள்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். வாழைப்பழத்தில் கிராம்பு வாசனை தரும் யூஜெனால்கூடக் கொஞ்சம் உண்டு. மலிவான எசன்ஸில் அவற்றில் ஒன்றோ இரண்டோதான். மேளக் கச்சேரியில் தவில் மட்டும் கேட்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர்வலம் என்று தெரிந்துவிடும், பாட்டு என்னவென்று தெரியாது.

அக்கா பிள்ளைகள் இரண்டு பேரையும் வைத்து ஒரு விளையாட்டு நடத்தினேன். நீங்களும் வீட்டில் செய்யலாம், செலவு இரண்டு ரிங்கிட். கண்ணைக் கட்டி, மூக்கை இறுகப் பிடிக்கச் சொல்லி ஒரு மிட்டாயை வாயில் போடுங்கள். "என்ன சுவை?" என்றால் "இனிப்பு", "புளிப்பு" என்று மட்டும்தான் வரும். பெரியவள் நெல்லிக்காய் என்றாள், சின்னவன் எலுமிச்சை என்றான். மூக்கை விட்டதும் இரண்டு பேரும் ஒரே குரலில், "சித்தி, ஸ்ட்ராபெரி!"

நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்ற ஐந்துதான். கறியிலும் காளானிலும் வரும் அந்த ருசிக்குத்தான் உமாமி என்று ஜப்பானியர்கள் பெயர் வைத்தார்கள். ஸ்ட்ராபெரி, மாம்பழம், ரோஜா என்று நாம் 'ருசிப்பது' எல்லாம் மூக்கின் வேலை. மெல்லும்போது மணம் தொண்டையின் பின்பக்கமாக ஏறி மூக்கை அடைகிறது. மூக்கைப் பிடித்தால் காற்று நகராது, மணமும் ஏறாது. சளி பிடித்த நாளில் ரசம் வெந்நீராகத் தெரிவதும் இதனால்தான்.

அடுத்த சுற்றில் கண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் எலுமிச்சை எசன்ஸ் போட்ட சிவப்பு மிட்டாயைக் கொடுத்தேன். சின்னவன் யோசிக்காமல் "ஸ்ட்ராபெரி" என்றான். சிரிக்க வேண்டாம். பிரான்சின் போர்தோ நகரில் திராட்சை மது பற்றிப் படிக்கும் 54 மாணவர்களுக்கு, மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை மதுவைக் கொடுத்தார்கள். சிவப்பு மதுவுக்குச் சொல்லும் சொற்களாலேயே அவர்கள் அதை வருணித்தார்கள். 2001இல் வெளிவந்த ஆய்வு அது. படித்தவர்கள் கண்ணே ஏமாறும்போது ஏழு வயதுப் பையன் எம்மாத்திரம்?

நிறத்துக்கு நாம் கொடுக்கும் பொருளும் வளர்ந்த இடத்தைப் பொறுத்தது. இளஞ்சிவப்புப் பாலை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் வீட்டுப் பாட்டிக்கு அது ரோஸ் மில்க். மலாய்க்காரப் பக்கத்து வீட்டுக்கு சிராப் பண்டோங். வெள்ளைக்காரப் பிள்ளைக்கு ஸ்ட்ராபெரி. மூன்று பேருக்கும் ஒரே குவளையைக் கொடுத்தால் இரண்டு பேராவது முதல் மடக்கில் புருவத்தை உயர்த்துவார்கள். பானத்தில் கோளாறு எதுவும் இருக்காது. மூளை ஒன்றை எதிர்பார்த்துக் கதவைத் திறந்து வைத்திருக்கும்போது வேறு ஆள் உள்ளே வருகிறார், அவ்வளவுதான்.

ஊதா மிட்டாயின் கதை இன்னும் நேரடியானது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்ட் என்ற ஊரில், எஃப்ரைம் வேல்ஸ் புல் என்பவர் 1849இல் ஒரு கறுந்திராட்சையைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார். ஊர்ப் பெயரே அதற்கும் வந்தது. அமெரிக்கர்கள் குடிக்கும் ஊதாத் திராட்சைச் சாறு பெரும்பாலும் இதிலிருந்துதான். அதன் மணத்துக்குக் காரணமான மெத்தில் ஆந்திரனிலேட்தான் உலகெங்கும் 'கிரேப்' மிட்டாயாகப் போனது. நாம் சாப்பிடும் ஆஸ்திரேலிய, தென்னாப்பிரிக்கத் திராட்சைகள் வேறு இனம். அவற்றில் அந்த மணம் இருக்காது. ஆக, நம் பிள்ளைகள் கண்ணில் பார்த்திராத ஒரு பழத்தின் சுவையைத்தான் ஊதா மிட்டாயில் சுவைக்கிறார்கள். ஜப்பானியக் கலப்பினமான கியோஹோ திராட்சை இப்போது இங்கே கிடைக்கிறது. அதைச் சாப்பிட்டு "மிட்டாய் மாதிரியே இருக்கு" என்று பிள்ளைகள் சொன்னால் அது முற்றிலும் சரி, கான்கார்டும் அதுவும் உறவுமுறை. பெங்களூர் நீலத் திராட்சையும் அதே உறவுதான். தமிழ்நாடு போகிறவர்கள் முகர்ந்து பார்க்கலாம். அந்தப் பொருள் மல்லிகையின் மணத்திலும் கொஞ்சம் உண்டு என்று படித்த நாளிலிருந்து, எனக்கு ஊதா மிட்டாய் மீது இருந்த கோபம் தணிந்துவிட்டது.

ரூட் பியருக்கு வருவோம். ஏ அண்ட் டபிள்யூ உணவகம் 1963இல் கோலாலம்பூரில் திறந்ததிலிருந்து அதைக் குடித்துவருகிறோம். முதல்முறை குடித்த என் அப்பா சொன்னது, "கோடாலித் தைலத்தைச் சோடாவில் கலந்துட்டானா?" அப்பா மூக்கு தப்புச் சொல்லவில்லை. ரூட் பியர் மணத்தில் முக்கியமானது மெத்தில் சாலிசிலேட். கோடாலித் தைலத்திலும் கால் வலிக்குத் தேய்க்கும் பல களிம்புகளிலும் இருப்பது அதுவே. அமெரிக்கப் பிள்ளை அந்த மணத்தை முதலில் பானத்தில் அறிகிறது. நம் பிள்ளை ஆயாவின் நெற்றியிலும் முழங்காலிலும் அறிகிறது. முதலில் எங்கே அறிமுகமானதோ, அதுதான் அதன் பெயர்.

டுரியான் மிட்டாய் விஷயம் எளிது. ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2017இல் மொந்தோங் வகை டுரியானைப் பிரித்துப் பார்த்து, அதன் மணத்தை இரண்டே பொருள்களால் ஏறக்குறையக் கொண்டுவந்துவிடலாம் என்று காட்டினார்கள். ஒன்று பழ மணம் தருவது, மற்றது கந்தகம் கலந்த, வதக்கிய வெங்காய மணம் தருவது. பழத்தில் இவற்றோடு கொழுப்பும் இனிப்பும் வழவழப்பும் சேர்ந்து வருகின்றன. கண்ணாடி மாதிரிக் கெட்டியான மிட்டாயில் அந்த வழவழப்பு ஏது? வெங்காயம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். டோடோலில் தேங்காய்ப்பால் இருப்பதால் அதே டுரியான் அங்கே கௌரவமாக உட்கார்ந்திருக்கிறது. டுரியான் துங்கல் பக்கம் பழம் விற்பவர்களிடம் மிட்டாய் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பதிலை நான் இங்கே எழுத முடியாது.

பெயரை நம்பி ஏமாறுவது வெளிநாட்டு மிட்டாயில் மட்டும் நடப்பதில்லை. நம் தேன் மிட்டாயில் தேன் இல்லை. அரிசியும் உளுந்தும் அரைத்துப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் ஊறப் போட்டது அது. ஆனாலும் யாரும் புகார் சொல்வதில்லை. கடித்ததும் பாகு வாய்க்குள் வழியும்போது அந்தப் பெயர் பொருந்திவிடுகிறது.

கடையில் பொட்டலத்தைப் புரட்டினால் 'பெரிசா' என்ற மலாய்ச் சொல்லைப் பார்ப்பீர்கள். சுவையூட்டி என்று பொருள். நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி சுவையூட்டி சேர்த்திருந்தால் அதைப் பொட்டலத்தில் குறிப்பிட வேண்டும். முன்பக்கம் பழத்தின் படம் பெரிசாக இருக்கும், பின்பக்கம் 'பெரிசா' சிறிசாக இருக்கும். பழம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். 'பழ மிட்டாய்தானே' என்று பிள்ளைக்குக் கொடுக்கும் அம்மாக்கள் பலரை எனக்குத் தெரியும். அதில் இருப்பது சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, அமிலம், மணம், நிறம். எப்போதாவது ஒன்று சாப்பிட அது போதும். பழத்துக்குப் பதிலாகக் கொடுக்க அது போதாது.

அதே எசன்ஸ் போகும் மற்ற இரண்டு இடங்கள் எனக்கு மிட்டாயைவிடக் கவலை தருகின்றன. ஒன்று வேப். மாம்பழம், திராட்சை, பபிள் கம் என்று பெயர் போட்ட அந்தக் குப்பிகள் யாருடைய நாக்கைக் குறிவைத்தவை என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள 852ஆம் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அவற்றை விற்பதைத் தடுக்கிறது. பிள்ளையின் பள்ளிப்பையில் பழ வாசனை வந்தால் அது மிட்டாய்தானா என்று பார்ப்பது நம் வேலை. மற்றொன்று காய்ச்சல் மருந்து. ஆரஞ்சு, ஸ்ட்ராபெரி மணம் போட்ட பாராசிட்டமோல் சிரப்பைக் குடிக்க வைக்க, "மிட்டாய் தண்ணீடா கண்ணு" என்று சொல்லிவிடுகிறோம். மறுநாள் யாரும் பார்க்காத நேரத்தில் பிள்ளை அதை மிட்டாய்த் தண்ணீராகவே நினைத்துக் குடித்தால்? பாராசிட்டமோல் அளவுக்கு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும், அதுவும் உடனே வெளியே தெரியாது. மருந்தை மருந்து என்றே சொல்லுங்கள், எட்டாத இடத்தில் வையுங்கள். அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைத்துக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

அந்த மூக்கு விளையாட்டைப் பிள்ளைகளோடு நிறுத்திவிடாமல் வீட்டுப் பெரியவர்களிடமும் ஆடிப் பாருங்கள். கோவிட் காலத்தில் மணம் போய், காப்பியும் சோப்பும் ஒன்றாகத் தெரிந்தவர்கள் நம்மில் பலர். பெரும்பாலானோருக்குத் திரும்பியது, சிலருக்கு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அறுபதைத் தாண்டினால் நுகர்வு மெல்ல மெல்லக் குறைவது சாதாரணம். மெதுவாகக் குறைவதால் அவர்களுக்கே தெரியாது. "இப்பல்லாம் எதுலயும் ருசியில்லை" என்று சொல்லி, தேநீரில் இன்னொரு கரண்டி சீனியும் குழம்பில் இன்னொரு சிட்டிகை உப்பும் போட்டுக்கொள்வார்கள். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள வீட்டில் இது சின்ன விஷயமில்லை. கண்ணை மூடச் சொல்லி ஆரஞ்சு, புதினா, காப்பி என்று மூன்று மிட்டாய் கொடுங்கள். மூன்றும் 'இனிப்பு' என்று மட்டும் வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பல நேரங்களில் மூக்கடைப்போ, மருந்தின் பக்க விளைவோதான் காரணமாக இருக்கும். சிலருக்கு பார்க்கின்சன் போன்ற நரம்பு நோயின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம்.

சமையலறையில் இருக்கும் எரிவாயுவுக்குச் சொந்தமாக மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி ஒரு நாற்றத்தைத் தொழிற்சாலையில்தான் சேர்க்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில் வேலையில் இருக்க, தோட்டத்து வீட்டில் தனியாகச் சமைக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மிட்டாய் மணம் தெரியவில்லை என்றால், அந்த நாற்றமும் தெரியாமல் போகலாம். அடுத்த முறை போகும்போது ரெகுலேட்டரையும் குழாயையும் மாற்றிவிட்டு, எரிவாயு கசிவைக் கண்டால் சத்தமிடும் கருவி ஒன்றையும் தோம்புக்குப் பக்கத்தில் மாட்டிக் கொடுங்கள். நம் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையை ஒட்டித்தான் பரவும். கருவியைத் தாழ்வாக மாட்ட வேண்டும்.